கண்டுபிடித்தது அவள், கதை சொன்னது கொலைகாரன்

நேற்று ராத்திரி இரண்டரை மணி நேரம் கண் விழித்து 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' பார்த்தேன். 2011-ல் வந்த ஹாலிவுட் படம் இல்லை, நீல்ஸ் ஆர்டன் ஓப்லெவ் இயக்கிய 2009 ஸ்வீடிஷ் படம். கோபம் இன்னும் அடங்கவில்லை. மோசமான படம் என்றால் பாதியிலேயே அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பேன். முக்கால்வாசி அவ்வளவு நன்றாக இருந்ததுதான் வயிற்றெரிச்சல். முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1966-ல் காணாமல் போன பணக்காரக் குடும்பத்துப் பெண் ஹாரியட்டைத் தேடுகிற பத்திரிகைக்காரன் மிக்கேல், அவள் இருக்கிற பழைய ஊர்வலப் படங்களை மடிக்கணினியில் வரிசையாக ஓட்டிப் பார்ப்பானே, அந்த இடம்! கூட்டத்தில் யாரையோ கண்டு அவள் முகம் மாறுகிறது. வசனமே இல்லை, எனக்கு முதுகு சில்லிட்டது. ஹாரியட் எழுதி வைத்த பெயர்களும் எண்களும் பைபிள் வசனங்கள் என்று, மிக்கேலுக்கு உதவுகிற ஹேக்கர் லிஸ்பெத் பிடிக்கிற இடமும் அப்படித்தான். லிஸ்பெத்தாக வரும் நோமி ராபாஸ் அதிகம் பேசவே மாட்டார், ஆனால் அவர் வந்தால் கண் வேறு எங்கும் போகாது.

இப்படி அணு அணுவாகக் கட்டிவிட்டு என்ன செய்தார்கள்? ஹாரியட் குடும்பத்துப் பெரியவர் ஹரால்ட் துப்பாக்கியோடு பாய்கிறார், அவள் அண்ணன் மார்ட்டின் வந்து மிக்கேலைக் காப்பாற்றித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். சரி, போகட்டும். அங்கே உட்கார்ந்து இதுவரை கண்டுபிடித்த அத்தனையையும் அவனிடம் ஒப்பிக்கிறான் மிக்கேல்! ஏன்யா? அந்தக் குடும்பத்தில் ஒருத்தரையும் நம்பக் கூடாது என்பதுதானே இத்தனை நேரம் படித்த பாடம்? ஊழலைத் துருவுகிற பத்திரிகைக்காரன் நீ, சந்தேகப் பட்டியலில் இருக்கிற வீட்டுக்குள் நுழைந்து குறிப்பேட்டையே விரித்து வைப்பாயா? ஒரு ராத்திரி வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? நான் டிவியைப் பார்த்துக் கத்தியே விட்டேன். அடுத்து மயக்க மருந்து, நிலவறை, கழுத்தில் சுருக்கு. அப்புறம் மார்ட்டின் நிதானமாக நின்று, பல வருடமாகப் பெண்களைக் கொன்ற கதையைத் தானே சொல்கிறான்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதே நேரத்தில் லிஸ்பெத் கம்பெனி ஆவண அறையில் பழைய கணக்குகளைப் புரட்டி, கொலை நடந்த ஊர்களுக்கெல்லாம் மார்ட்டினும் அவன் அப்பனும் போயிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். உண்மை அவள் கையில்! அதை அவள் வழியாகவே நமக்குச் சொல்லியிருக்கலாமே. அவள் உழைப்பைப் பின்னுக்குத் தள்ளி, கொலைகாரன் வாய்க்கு ஏன் இவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்? பெண்களை வெறுக்கும் ஆண்களைப் பற்றிய படத்தில் கடைசி விளக்கமும் அப்படிப்பட்ட ஒருத்தனிடமிருந்தா வர வேண்டும்?

கோல்ஃப் மட்டையோடு அவள் உள்ளே வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. எரிகிற காருக்குள் மார்ட்டின் கெஞ்சுகிறான், அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அதற்கு எழுந்து நின்று கைதட்டலாம். அங்கே முடித்திருக்க வேண்டிய படம், ஹாரியட்டைத் தேடி ஆஸ்திரேலியா, மிக்கேலுக்குச் சிறை என்று இன்னும் இழுக்கிறது.

அது போதாதென்று, நடித்தவர்கள் பெயரைப் படிக்கலாம் என்றால் செயலி திரையைச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு, அடுத்த படத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டது. காசு கட்டிப் பார்க்கிறோம் ஐயா, பெயர்கள் ஓடி முடிகிற வரைக்குமாவது விடுங்கள்!