செத்த கரப்பானை எண்ணுவதை விடுங்கள்

வீட்டில் கரப்பான் தொல்லை என்று யாராவது சொன்ன அடுத்த நொடியே "என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. எலி என்றால் எந்த விஷம், கொசு என்றால் எந்தத் திரவம், எறும்பு என்றால் எந்தப் பொடி. அது எந்த வழியாக உள்ளே வருகிறது, எதைத் தின்கிறது, எங்கே போய்த் தண்ணீர் குடிக்கிறது என்று யாரும் கேட்பதே இல்லை. பாதி நேரம் நாம் மருந்து அடிப்பது நம் அருவருப்பு தீரத்தான் என்பது என் கருத்து. காலையில் நாலைந்து மல்லாந்து கிடந்தால் மனசு ஆறிவிடுகிறது, மருந்து நல்ல மருந்து என்று சொல்லிவிடுகிறோம். மூன்று வாரம் கழித்துக் குட்டிக் குட்டியாக ஓடும்போது இன்னொரு டப்பா வாங்குகிறோம்.

அந்தக் குட்டிகள் எங்கிருந்து வந்தன? சமையலறையில் அதிகம் திரியும் சின்னப் பழுப்புக் கரப்பான் இருக்கிறதே, அதன் பெண் பூச்சி முட்டைப் பையை வாலில் சுமந்துகொண்டே திரியும். ஒரு பையில் 30 முதல் 40 முட்டைகள். அந்தப் பையின் கெட்டியான உறையைத் தாண்டி ஸ்ப்ரே சரியாக உள்ளே போகாது. போதாக்குறைக்கு, ஸ்ப்ரேயின் நெடி பட்டதும் மிச்சமிருப்பவை இன்னும் ஆழமான இடுக்குக்குள் போய்விடும்.

இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய் சிங்க்கின் அடியைப் பாருங்கள். அலமாரிக் கதவின் கீலுக்குப் பின்னால் மிளகுத் தூள் கொட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் அவற்றின் வீடு. அங்கே ஜெல் மருந்தைச் சின்னச் சின்னப் பொட்டாக வையுங்கள். அதைத் தின்ற பூச்சி இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதனாலேயே பலருக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தீர்களானால் அந்தப் பக்கமே பூச்சி வராது, வைத்ததெல்லாம் வீண். சிங்க் குழாயின் கசிவை நிறுத்தாவிட்டாலும் அப்படித்தான். சோறில்லாமல் பல வாரம் தாக்குப் பிடிக்கும் பூச்சி, தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது.

மருந்தை மட்டும் நம்புவதில் இன்னொரு சிக்கல் உண்டு. டிடிடி பூச்சியைக் கொல்லும் என்பதை 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளாகவே டிடிடிக்குச் சாகாத வீட்டு ஈக்கள் தென்பட்டுவிட்டன. கரப்பான் அதையும் மிஞ்சியது. இனிப்பு கலந்த விஷ உணவை விடாமல் வைத்து வந்த இடங்களில், குளுக்கோஸைத் தொடாமல் ஒதுக்கும் கரப்பான்கள் பெருகியதை 1993இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது, அதற்குச் சாகாத பரம்பரையை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம்.

கொசுவுக்கு வருவோம். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வது அதனால்தான். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, வாளி என எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

எலி விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும். பெரிய எலிக்குக் கட்டைவிரல் அகலம் போதும். குழாய் சுவருக்குள் போகும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். எலி தினமும் ஒரே வழியில் உடம்பை உரசிக்கொண்டு போகும், அந்த அழுக்குப் பிசுக்கு சுவரில் கறுப்புத் தடமாகப் படிந்திருக்கும். அந்த ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் போதும். துணி, காகிதம், நுரை எல்லாவற்றையும் கடித்து எடுத்துவிடும்.

உள்ளே மாட்டிக்கொண்டதைப் பிடிக்க அடிக்கும் பொறி போதும். எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். அதனால் சில நாள் பொறியை விசை ஏற்றாமல், தீனி மட்டும் வைத்துப் பழக்குங்கள். அப்புறம் ஏற்றுங்கள். பசை அட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். எலி அதில் மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் துடித்துச் சாகும். பல்லியும் குருவியும்கூட ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் 2024இல் இருந்து பொதுமக்கள் இதைப் பயன்படுத்தத் தடை. மின்பிளக்கில் செருகும் "ஒலி விரட்டி"யும் வேண்டாம். இவற்றின் விளம்பரங்களுக்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்று 2001இலேயே அமெரிக்க வணிக ஆணையம் அறுபதுக்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. இன்றும் விற்கிறார்கள்.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வந்துவிட்டால் கம்பைத் தேடாதீர்கள். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் நிறைய. குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியைத் திணித்துவிட்டு, பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

கூரைக்குள் அணிலோ வௌவாலோ இருந்தால் ஓட்டையை அவசரப்பட்டு அடைக்கக் கூடாது. உள்ளே குட்டிகள் இருந்தால் அவை பட்டினியில் செத்து அங்கேயே அழுகும். தாய் அணில் கூரையையே பிய்க்கும். குட்டிகள் வெளியேறிய பிறகு, வெளியே போக முடியும், திரும்ப வர முடியாது என்ற விதத்தில் வலையைத் தொங்கவிட்டு, எல்லாம் போனது உறுதியானதும் அடையுங்கள்.

இவ்வளவு செய்தும் விஷம்தான் வேண்டும் என்ற நிலை வரலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எலி விஷம் எல்லாம் ஒன்றல்ல. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலியைக் கொல்லச் சில நாள் எடுக்கும். அதற்குள் தள்ளாடும் அந்த எலியை ஆந்தையோ பூனையோ தின்றால் அதற்கும் ஆபத்து. மனிதர்கள் விழுங்கிவிட்டால் இந்த வகைக்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக இருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்கு மாற்று மருந்தே கிடையாது. விழுங்கியவர் ஓரிரு நாள் நன்றாகவே நடமாடுவார், அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பசையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. எந்த எலி மருந்தானாலும் குழந்தையின் வாயில் பட்டது என்று சந்தேகம் வந்தாலே, நன்றாகத்தானே விளையாடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல், மருந்தின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.