அந்த அம்மா கேட்டதில் என்ன பிழை?

இலங்கை மலையகத்தில் நடந்த அந்தக் கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "மழை கடலிலிருந்து வருது, உங்கட தேயிலை மலையிலிருந்து இல்லை" என்று அந்த அதிகாரி சொன்னதும் முன்வரிசை முழுக்கச் சிரித்தது. எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்த தேயிலைத் தோட்டத்து அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மேல்மலைக் காட்டை வெட்டி மண்ணைக் காயப்போட்ட பொறகு பங்குனி, சித்திரை மழை முன்னப்போல இல்லைங்க ஐயா." இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மண்ணின் ஈரத்துக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டு. ஈர மண்ணில் வெயில் விழுந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் வேண்டும். அந்தச் சூடு ஆவியோடு மேலே போய், மேகம் கட்டும்போது வெளிப்பட்டு, காற்றை இன்னும் மேலே தள்ளும். காய்ந்த மண்ணில் ஆவியாக எதுவும் இல்லாததால் வெயில் முழுக்கத் தரையையும் காற்றையும் சுடவைக்கும். அந்த வறண்ட காற்று மேகமாக இன்னும் அதிக உயரம் ஏற வேண்டும். ஒரு ஹெக்டயரிலிருந்து ஒரு நாளில் 3 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் அது 30,000 லீட்டர். ஒரு தோட்டம் முழுவதற்கும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது நானாகச் சொல்வது இல்லை. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்போர்ட், இமயத்தில் பனி அதிகம் கிடந்தால் பின்னால் வரும் பருவமழை மெலிகிறது என்று 1884இலேயே எழுதினார். பனி உருகி நனைத்த நிலம் சூடேறத் தாமதமாகும். நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தானே பருவக்காற்றை இழுக்கிறது. 2004இல் ரேண்டல் கோஸ்டர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் பல காலநிலைக் கணினி மாதிரிகளை ஒப்பிட்டு, மண் ஈரம் மழையைப் பலமாகப் பாதிக்கும் இடங்களைக் குறித்தார்கள். அதில் இந்தியாவும் இருக்கிறது. ஈரம் ஓரிடத்தில் மழையைக் கூட்டும், இன்னோரிடத்தில் குறைக்கும். சம்பந்தமே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

"அப்போ மேற்குச் சரிவில் உள்ள வட்டவளையில் கொட்டுகிற மழைக்கும் மண்தான் காரணமா?" என்று கேட்பீர்கள். இல்லை. வைகாசியிலிருந்து தென்மேல் காற்று சமுத்திரத்து ஈரத்தைக் கொண்டுவந்து மேற்குச் சரிவில் மோதிக் கொட்டுகிறது. அந்த அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் சொன்னது பங்குனி, சித்திரை. அப்போது பெரிய காற்று கிடையாது. காலையில் வெயில், நடுப்பகலில் முகட்டில் மேகம், பின்னேரம் இடி. கடல்காற்றின் ஈரத்தோடு இந்தச் சரிவுகள் காலையிலிருந்து விட்ட ஈரமும் சேர்ந்துதான் அந்த மேகம் கட்டுகிறது.

இன்னொருவர் 2012இல் வந்த டெய்லர் குழுவின் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார். சுற்றுப்புறத்தைவிடக் காய்ந்த இடத்தில்தான் பின்னேர மழை தொடங்கும் வாய்ப்பு அதிகம் என்கிறது அது. சரி, அதுவும் மண்ணைப் பார்த்துத்தானே மழை விழுகிறது என்கிறது? மழை எவ்வளவு குறைந்தது என்பதை மழைமானிக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாமே. சிரிப்பதா பதில்?

என் அப்பா தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை செய்தவர். வெட்டிய மிலாறு, அதாவது அந்தக் கிளைகள் முழுவதையும் விறகுக்குக் கட்டாமல், பொடிக் கிளையையும் இலையையும் நிரைக்கு நடுவே பரப்பிவிட்டு வருவார். விறகு போதவில்லை என்று அம்மா சத்தம் போடுவார். பங்குனி வெயிலில் நான் அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அடியில் மண் கறுப்பாக, விரலில் ஒட்டும், புழு நெளியும். ஒரு முழம் தள்ளி, மூடாத இடத்தில் அதே மண் செங்கல்லைப் போல உடையும். அப்பா பள்ளிக்கூடம் போனவரில்லை. அவரையும் இந்தக் கூட்டம் இப்படித்தான் உட்கார வைத்திருக்கும்.

"காட்டை அழித்ததே உங்கள் ஆட்கள்தானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததும் கை நடுங்கியது. கோப்பிக்காகக் காட்டை வெட்டச் சொன்னது யார்? தாவரவியலாளர் ஹூக்கர் எச்சரித்த பிறகு, 1873இல்தான் 5000 அடிக்கு மேலுள்ள காட்டை விற்பதை வெள்ளைக்காரன் நிறுத்தினான். எங்கள் பாட்டன் பூட்டன் கையில் கத்திதான் இருந்தது, காணி உறுதிப் பத்திரம் இருக்கவில்லை. இன்றும் எங்களில் பெரும்பாலானோரிடம் அது இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை மண் சரிந்து மூடியபோது அதற்குள் போனதும் எங்கள் ஆட்கள். மண் எவ்வளவு ஈரம் தாங்கும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

அரசியலைக் கலக்கிறாய் என்பீர்கள். கலக்கத்தான் செய்வேன். லயத்துக்குப் பின்னால் நாலு மரம் நடவும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய எங்களிடம் மண்ணைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள். ஊற்றைச் சுற்றி நாட்டு மரம் நடுகிறோம், வெறும் மண்ணை மூடி வைக்கிறோம், எல்லாம் செய்கிறோம். அந்த மண்ணில் எங்களுக்கு என்ன உரிமை என்பதை முதலில் எழுத்தில் கொடுங்கள்.