பாட்டனி வேற, தோட்டக்கலை வேற

மேலே ஒருவர் "பி.எஸ்சி. பாட்டனி முடிச்சா தோட்டக்கலை அலுவலர் ஆகலாம், ரெண்டும் ஒண்ணுதான்"னு போட்டிருக்கார். தப்புங்க. டிஎன்பிஎஸ்சி அந்தப் பதவிக்குக் கேட்பது தோட்டக்கலைப் பட்டம். வேளாண்மை அலுவலருக்கு வேளாண் பட்டம். பாட்டனிக்காரர் விண்ணப்பம் தகுதியிலேயே நின்றுவிடும். இதை நம்பி மூன்று வருஷத்தை விடாதீங்க.

பாட்டனிக்குத் திறக்கிற கதவு வேறு. யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வின் தகுதிப் பாடங்களில் தாவரவியலும் ஒன்று. இளநிலைப் பட்டமே போதும். ஆனா முதல்நிலைத் தேர்வு சிவில் சர்வீஸோடு பொது, அங்கேதான் பலர் கழன்றுகொள்கிறார்கள். ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் வைத்திருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் (பி.எஸ்.ஐ.) விஞ்ஞானப் பதவி வேண்டுமென்றால் எம்.எஸ்சி. வேண்டும்.

அதற்குக் கல்லூரியிலேயே ஹெர்பேரியம், அதாவது செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி லேபிளோடு வைக்கும் வேலை, கைவரணும். சேர்வராயன் மலையில் பறித்த செடியைப் பூவோ காயோ இருக்கும்படி எடுத்து, அன்றைக்கே செய்தித்தாளில் விரித்து அழுத்துங்க. முதல் சில நாள் தினமும் தாள் மாற்றணும். மலையில் பனிமூட்டம், ஈரத்தாளில் விட்டால் பூஞ்சை பிடித்து இலை கறுத்துவிடும். இடம், உயரம், தேதி, பூவின் நிறம் அங்கேயே குறிக்கணும். காய்ந்தால் நிறம் போய்விடும், லேபிள் இல்லாத தாள் வெறும் சருகுதான்.