மிளகுக்காக நான் கேட்டது ஒரு கம்பிவலை

என்னிடம் இருக்கும் மிளகு என்ற நாய்க்குப் புது வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். அவனைத் தத்தெடுக்கக் கேட்ட ஒரு குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மறுப்புச் சொன்னதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "நாய்க்கு மாப்பிள்ளை வீடு பார்க்கிறார்" என்ற கேலி மூன்று வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி என்னிடமே வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் குடும்பத்தாரிடம் நான் சம்பளச் சீட்டா கேட்டேன்? அவர்கள் வீட்டு வாசலின் இரும்புக்கதவில், கீழ்க்கம்பிகளுக்கிடையே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. மிளகு அதில் நுழைந்து ஓடிவிடுவான், அங்கே கம்பிவலை கட்டுங்கள் என்றேன். வாசலின் அழகு கெட்டுவிடும் என்றார்கள். அப்படியானால் மிளகைத் தர இயலாது என்றேன். நடந்தது அவ்வளவுதான்.

"பாசமான நாய் என்கிறீர்கள், பிறகு ஏன் ஓடுகிறது?" என்று கேட்கிறார்கள். பாசமாக இருப்பதால்தான் ஓடுகிறது. சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் ஒரு கட்டுமானத் தளத்தில், போவோர் வருவோர் கையிலெல்லாம் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவன் அவன். எங்களை விட்டு அவன் ஓடுவதில்லை, அடுத்த மனிதரை நோக்கி ஓடுகிறான். போன மாதம் உணவு கொண்டுவந்த இளைஞரின் கால்களுக்கிடையே நுழைந்து, அவருடனேயே மின்தூக்கியில் இறங்கிவிட்டான். நான் ஒன்பது மாடிப் படிகளை இறங்கிப் போய்ப் பார்த்தால், கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் சீனத் தாத்தாவின் செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கிறான்.

"அவ்வளவு அக்கறை இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" இதைக் கேட்பவர்களுக்கு என் வீடு தெரியும், என் அம்மாவையும் தெரியும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா நடைச்சட்டகத்தோடு வாசலைக் கடக்க அரை நிமிடம் ஆகிறது. எங்கள் கதவிலும் வலை இருக்கிறது. திறந்திருக்கும் கதவில் வலை இருந்து என்ன பயன்? ஆம், நான் கேட்கும் பாதுகாப்பை என்னாலேயே முழுமையாகத் தர இயலவில்லை. அதனால்தான் அவனுக்கு வேறு வீடு தேடுகிறேன்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் ஏற்கெனவே இத்தனை விதிகள் இருக்க, நீங்கள் வேறு ஏன் ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். விதிகளை அறியாதவள் அல்ல நான். உள்ளூர்க் கலப்பின நாய்களைக் கழக வீடுகளில் வளர்க்க இடமளிக்கும் அடோர் திட்டத்தில், 2020இல் எடை வரம்பு நீக்கப்பட்டது. உயர வரம்பு 50 சென்டிமீட்டரிலிருந்து 55 ஆனது. மிளகின் உயரம் 53. அரசாங்கமே அவனுக்காக ஐந்து சென்டிமீட்டர் இறங்கி வந்திருக்கிறது. நம்மவர்களுக்கு ஒரு முழம் வலை பாரமாகிவிட்டது!

முன்பு ஒருமுறை நான் இப்படிக் கண்டிப்பாக இருக்கவில்லை. பழுப்பு நிறப் பெண் நாய் ஒன்றை ஒரு வீட்டுக்குக் கொடுத்தபோது, ஓடிவிடும் என்று சொன்னால் வேண்டாம் என்று விடுவார்களோ என அஞ்சி, "கொஞ்சம் துறுதுறுப்பு" என்று மட்டும் சொன்னேன். நான்காம் நாள் அது வெளியேறியது. மறுநாள் காலை கிராஞ்சி விரைவுச்சாலையோரத்தில் கிடந்தது. அதன் தோலுக்கடியில் பொருத்திய மைக்ரோசிப்புக்கான பதிவில் என் எண்ணை இன்னும் மாற்றாமல் இருந்ததால் எனக்குத்தான் அழைப்பு வந்தது. அடையாளம் காட்ட நான்தான் போனேன். கழுத்துவாரில் நான் தைத்துக் கொடுத்த சிவப்புத் துணி அப்படியே இருந்தது. கேலியை அனுப்பியவர்களில் இருவர் அன்று என் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னவர்கள் என்பதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாய் நாய்தானே, கட்டிப்போட்டால் போயிற்று என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

மிளகுக்கு நான்கு வயது. கருத்தடை செய்யப்பட்டவன், குழந்தைகளோடு நன்றாகப் பழகுவான், கதவு திறந்தால் ஓடுவான். வேண்டுபவர்கள் உள்பெட்டியில் எழுதலாம். வலையையும் கட்டுப்பட்டைகளையும் நானே கொண்டுவந்து கட்டித் தருகிறேன். கதவில் துளையிட வேண்டியதில்லை. கறுப்பு நிறத்திலும் கிடைக்கிறது, வாசலின் அழகு கெடாது.