பறந்தால்தான் பறவையா?

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கரையில் டிசம்பர் காலையில் பைனாகுலரை எடுத்தாலே போதும், தொந்தரவு செய்ய ஆட்கள் எங்கிருந்துதான் வருவார்களோ! சைபீரியா பக்கமிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பொரி உள்ளான் என்ற சின்ன நீர்ப்பறவை, சேற்றில் கால் நனைய நின்று, பின்புறத்தை ஆட்டி ஆட்டிப் புழு தேடுகிறது. பழுப்பு முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அரை நிமிடம் பார்க்க விடுகிறார்களா? ஒருவர் கல் எறிகிறார். பறந்தால்தான் ரீல்ஸ் நன்றாக வருமாம்! அடுத்தவர் காரின் நான்கு கதவையும் திறந்து குத்துப்பாட்டு வைக்கிறார். தென்பெண்ணை ஆற்றுக்கே காது அடைத்திருக்கும். அப்புறம் ஒரு பெரியவர், "என்ன சார், கொக்கா? கறி நல்லாயிருக்குமா?" ஐயா, மீன் வறுவல் கடை அந்தப் பக்கம்தானே இருக்கிறது, போய்ச் சாப்பிட வேண்டியதுதானே! போவார்கள், சாப்பிடுவார்கள். தட்டை மட்டும் மறக்காமல் இங்கே கொண்டுவந்து வீசுவார்கள்.