ஊர் சுற்றக் கிளம்பும்போது அத்தையையும் கூட்டிப் போங்கள்

லீவுக்குக் கணவர் ஊருக்குப் போகிற பெண்களில் நிறைய பேர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. நான் மிகைப்படுத்தவில்லை, உங்களுக்குத் தெரிந்த பத்துப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். கல்யாணம் முடிந்த கையோடு மாலையும் கழுத்துமாகக் குலதெய்வக் கோயிலுக்கும் பெரிய கோயில் ஒன்றுக்கும் கூட்டிப் போயிருப்பார்கள், அத்தோடு சரி. அதற்குப் பிறகு வருஷா வருஷம் மே மாதமும் பொங்கலும் வரும், பெட்டியைக் கட்டிக்கொண்டு போவோம், போய் இறங்கிய அரை மணி நேரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவோம். திரும்பி வந்ததும் ஆபீசில் கேட்பார்கள், "லீவு எப்படிப் போச்சு?" என்று.

நான் திருச்சிக்காரி. வாக்கப்பட்டது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கம். என் கணவர் திருச்சிக்கு வரும்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அப்பா முதல் நாளே வண்டிக்கு பெட்ரோல் போட்டு வைத்துவிடுவார். மாப்பிள்ளைக்கு மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், முக்கொம்பு, கல்லணை, ஒருமுறை கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும். கரிகாலன் கட்டிய கல்லணை என்று அப்பா ஆரம்பித்தால் வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் வரை வந்துதான் நிறுத்துவார். என் கணவருக்கு இன்று திருச்சியில் வழி கேட்க வேண்டிய தேவையே இல்லை. அவர் என் வீட்டுக்கு வந்தால் விருந்தாளி, நான் அவர் வீட்டுக்குப் போனால் வீட்டு ஆள். வீட்டு ஆள் என்பதில் எனக்கு வருத்தம் கிடையாது, சந்தோஷம்தான். ஆனால் வீட்டு ஆளுக்கு ஊர் தெரிய வேண்டாமா? தேங்காய் துருவுகிற இடமும் புறவாசலில் மீன் கழுவுகிற இடமும் மட்டும்தான் தக்கலை என்றால், எனக்கு அது எப்படிச் சொந்த ஊராகும்?

இதைவிட எனக்குப் பெரிதாக உறுத்துவது இன்னொன்று. என் அத்தை, அதாவது மாமியார், அந்த ஊரை என்னைவிடக் குறைவாகப் பார்த்தவர். பத்மநாபபுரம் அரண்மனை வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான், கடைசியாக அவர் அங்கே போனது பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது. அதற்கப்புறம் வீட்டுக்கு எத்தனையோ விருந்தாளிகள் வந்து அரண்மனையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சோறு வைத்தது இவர். "நீங்க போயிட்டு வாங்க மக்களே, நான் மீனு வாங்கிக் கறி வச்சு வைக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. யாரும் அவரைத் தடுக்கவில்லை, ஆனால் கூப்பிடவும் இல்லை.

அதனால் போன லீவில் நான் ஒன்று சொன்னேன். ஊர் சுற்றப் போகிற நாளில் வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, அத்தையும் வருகிறார், இல்லையென்றால் நானும் போகவில்லை. மாமா முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றார்.

பத்மநாபபுரத்தைப் பற்றி எல்லாரும் மர அரண்மனை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட 1601ல் தொடங்கியது, பிறகு மார்த்தாண்ட வர்மா ராஜா காலத்தில் விரிந்தது, 1795ல் திருவனந்தபுரத்துக்கு மாற்றும் வரைக்கும் திருவிதாங்கூருக்கு இதுதான் தலைநகரம். இன்றைக்கும் அரண்மனை இருக்கிற மண் தமிழ்நாடு, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. இது ஏன் என்று மாமாவைக் கேட்டதுதான் தாமதம், பூமுகம் என்கிற முன்மண்டபத்துக் கூரையில் செதுக்கிய மரப்பூக்களை அண்ணாந்து பார்த்தபடியே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த கதை, நேசமணி நடத்திய போராட்டம், 1954ல் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள், அந்த நாளில் தன் அப்பா எங்கே இருந்தார் என்பது வரை. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் "ரயிலு எத்தன மணிக்கு" என்பதுதான். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்கவே வந்திருக்காது, அங்கே டிவி இருக்கிறது, அவருக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது.

அத்தைக்கு ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையோ வாள் வைத்திருக்கிற இடமோ பெரிதாகப் படவில்லை. அவர் நின்றது ஊட்டுப்புரையில். இரண்டு மாடி, ஒரு மாடியில் ஆயிரம் பேர் என்று அந்தக் காலத்தில் அன்னதானம் நடந்த இடம், ஊறுகாய் போட்டு வைக்கிற பெரிய பெரிய ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. அந்த நீளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "இம்புட்டு பேருக்கும் யாரு மக்களே விளம்பியிருப்பா?" என்று கேட்டார். விளம்புவது என்றால் அங்கே பரிமாறுவது. வழிகாட்டி தரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டது என்று சொல்கிற அந்தக் கறுப்புத் தரையை. அத்தையின் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை. ராஜா பெயர் தெரிகிறது, கட்டிய வருஷம் தெரிகிறது, இரண்டாயிரம் பேருக்கு ஆக்கிப் போட்ட கைகளில் ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. அந்த அரண்மனையைப் பற்றி என் காதில் விழுந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான்.

ஒரு விஷயம், போகிறவர்கள் திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும், மரப்படிகள் சில இடத்தில் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்களை அவசரப்படுத்தாமல் கூட்டிப் போனால் முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம்.

இன்னொரு நாள் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகிற பாலம், அதைக் கொண்டுவந்த காமராசரை நினைத்துக் கும்பிடுகிறவர்கள் அங்கே இன்னும் உண்டு, 1966ல் வேலை முடிந்தது. தொட்டியை ஒட்டிய நடைபாதையில் நடந்தால் கீழே ஆறு, சுற்றிலும் தென்னையும் ரப்பரும். நான் கைப்பிடியை விடாமல் போனேன், அத்தை கையை வீசிக்கொண்டு போனார். விளவங்கோடு பக்கம்தான் அவருடைய பிறந்த வீடு. கால்வாயில் முதன்முதல் தண்ணீர் வந்த வருஷம் சின்னப் பிள்ளையாக இருந்திருக்கிறார், அவருடைய அப்பா மண்வெட்டியோடு விடிய விடிய வயலில் நின்றதும், அந்த வருஷம் வீட்டில் நெல் வைக்க இடமில்லாமல் திண்ணையில் குவித்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. இதையெல்லாம் அவர் பெற்ற மகனே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். நாற்பது வயது ஆண், அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர், அம்மாவின் அப்பாவுக்கு வயல் இருந்தது என்பது மட்டும்தான் தெரியுமாம்.

திற்பரப்பில் கூட்டம் அதிகம், அருவியில் நின்றோம், வந்தோம். மதியம் ஒரு கடையில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்குதான்) சாளை மீன் கறியும் சாப்பிட்டோம். அத்தை யாரோ விளம்ப, கடைசிவரை உட்கார்ந்து சாப்பிட்டார். கறியில் புளி தூக்கல் என்று குறை சொன்னார், அந்தக் குறையைச் சொல்வதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நேர் எதிர்ப்பக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்கள்மேல் எனக்குக் கோபம். சொந்தக்காரர் வீட்டில் வந்து இறங்குவார்கள், விடியற்காலை நாலு மணிக்குச் சூரிய உதயம் பார்க்கக் கன்னியாகுமரி கிளம்பும்போது "அத்தை ஒரு காபி மட்டும்" என்பார்கள், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், இப்போது 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம், மறுநாள் கோவளம், அதற்கு மறுநாள் பூவாறு. ராத்திரி ஒன்பதரைக்கு வந்து சாப்பாடு இருக்கிறதா என்று கேட்பார்கள். போட்டோவில் கடல் இருக்கும், பாறை இருக்கும், சாப்பாடு போட்ட மனுஷி ஒரு போட்டோவிலும் இருக்க மாட்டார். மாமியார் வீடோ மச்சினன் வீடோ, அது லாட்ஜ் கிடையாது. லாட்ஜ் என்றால்கூடப் பணம் கொடுத்திருப்போம். வீட்டாரோடு இருக்கத்தான் போகிறோம் என்றால் வீட்டாரோடு இருங்கள், ஊரைப் பார்க்கப் போகிறோம் என்றால் அவர்களையும் வண்டியில் ஏற்றுங்கள். வண்டியில் இடமில்லை என்று சொல்லாதீர்கள், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு போனவர்கள்தான் நாம் எல்லாரும்.

செலவு என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நானும் அத்தையும் நாத்தனாரும் ஒரு நாள் ஆண்கள் யாருமில்லாமல் அப்படித்தான் குலசேகரம் பக்கம் போய் வந்தோம். ஜன்னல் ஓரத்தை அத்தைக்குக் கொடுத்துவிட்டோம். ரப்பர் ஷீட் காயப்போட்ட வாடை பஸ்ஸுக்குள் அடித்தது. நாத்தனார், "மயினி, அம்மை இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல" என்று என் காதில் சொன்னாள்.

உள்ளூர் ஆண்களிடம் ஒரு வார்த்தை. "அங்க என்ன இருக்கு, வெறும் கோட்டை" என்று என் கணவர் சொன்ன இடம் உதயகிரிக் கோட்டை. புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது, இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. உள்ளே டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது பிடிபட்டவர், பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியாகி 1777ல் இங்கேயே செத்துப்போனார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த தேவசகாயம் பிள்ளை கிறித்தவர் ஆனதற்கு இவருடைய பேச்சுதான் காரணம், அந்தத் தேவசகாயத்துக்கு 2022ல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஒரு ஐரோப்பியக் கம்பெனிப் படை தோற்ற கதையும் ஒரு புனிதரின் கதையும் வந்து சேர்கிற இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதை வெறும் கோட்டை என்று சொல்லலாமா? என் மகள் அந்தக் கல்லறை முன்னால் நின்று, எதிரியை எதற்கு ராஜா வேலைக்கு வைத்தார் என்று கேட்டாள். அவளுடைய அப்பா அன்று ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு மறுநாள் பதில் சொன்னார்.

பெண்களே, உங்கள் ஊர் தக்கலையாக இருக்க வேண்டியதில்லை. செட்டிநாடோ, செஞ்சியோ, தரங்கம்பாடியோ, தாராபுரமோ, கணவர் ஊரில் பார்க்க ஒன்றாவது இருக்கும். போன உடனே கேளுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டால் அன்றைக்கு யாராவது ஒரு பெரியப்பா வீட்டுக்குப் போய் காபி குடித்தாக வேண்டும். அத்தை வரமாட்டேன் என்றுதான் சொல்வார். முதல் தடவை சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், சேலையை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு தடவை கூப்பிடுங்கள். உண்மையிலேயே முடியவில்லை என்றால் அது வேறு, அவருக்கு எட்டுகிற இடமாகப் பாருங்கள். சிதறால் மலைக்கு அத்தை ஏறவில்லை, அடிவாரத்தில் முந்திரி மர நிழலில் மாமாவோடு உட்கார்ந்திருந்தார், நாங்கள் மேலே போய்ப் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டு வந்தோம், போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார்.

பொங்கலுக்கு அவர்கள் இரண்டு பேரும் திருச்சி வருகிறார்கள், டிக்கெட் போட்டாச்சு. அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன், கல்லணைக்குப் போகிற அன்று நம் வீட்டிலும் அடுப்பு கிடையாது, நீயும் வருகிறாய் என்று. "எனக்கு எதுக்குடி, நான் பார்க்காத கல்லணையா" என்கிறாள். கேட்டுப் பார்த்தால், அவள் கடைசியாகப் போனது நான் பிறப்பதற்கு முன்னால்.