செத்துப்போன கம்பெனிக்கு பில் அனுப்ப முடியுமா?

போன வருஷம் எங்கள் சித்தப்பா ஊர் ஓரத்தில் ஓர் இடம் பார்த்தார். மூடிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன சாயப்பட்டறை. பட்டா சரி, வில்லங்கச் சான்று சரி, விலையும் அக்கம்பக்கத்தில் பாதிதான். போய்ப் பார்த்தால் பழைய தொட்டி ஓரத்தில் மண் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. "மண்ண டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்கலாம் சித்தப்பா" என்றேன். புரோக்கர் சிரித்தார். "தண்ணியத்தாங்க டெஸ்ட் பண்ணுவாங்க. மண்ணுல என்னங்க இருக்குது?"

நிலத்தின் மேல் பதிவான அடமானமெல்லாம் வில்லங்கச் சான்றில் வந்துவிடுகிறது. மண்ணுக்குள் இருக்கும் வில்லங்கம் எந்தச் சான்றிலும் வருவதில்லை.

பெரிய நகரத்தில் இந்தப் பிரச்சினையை நிலத்தின் விலையே பார்த்துக்கொள்ளும். மும்பை லோயர் பரேலில் மூடிய ஆலைகள் இருந்த இடத்தில் மாலும் அடுக்குமாடியும் வந்துவிட்டன. அங்கே மண்ணை அள்ளிச் சுத்தம் செய்தாலும் கட்டுபடியாகும். சின்ன ஊரில் சுத்தம் செய்யும் செலவு நிலத்தின் விலையைத் தாண்டிவிடும். எந்த பில்டரும் எட்டிப் பார்க்க மாட்டார். நகராட்சியோ குப்பை வண்டிக்கு டீசல் போடவே திணறிக்கொண்டிருக்கும். 'முதலீட்டாளர் வருவார், எல்லாம் மாறும்' என்ற பேச்சு இந்த ஊர்களுக்கு ஒத்துவராது.

நம் மாநிலத்திலேயே இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு வெளியே தெரியவந்து 2001இல் மூடப்பட்டது. கம்பெனி உயிரோடு இருந்தது, கையில் பணமும் இருந்தது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை பல வருஷம் இழுத்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு வைத்தார்கள். அவ்வளவு விடக் கூடாது, இன்னும் சுத்தம் செய்ய வேண்டும் என்று மக்கள் போராடினார்கள். சண்டை நியாயமானதுதான். ஆனாலும் சண்டை போட எதிரில் ஓர் ஆள் இருந்தார்.

ராணிப்பேட்டையில் அந்த ஆள்கூட இல்லை. தோல் பதனிடும் தொழிலுக்கு குரோமிய ரசாயனம் செய்து கொடுத்த ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு திறந்த வெளியில் மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசியும். அந்த மஞ்சள், புற்றுநோய் வரவழைக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஆனால் பில்லை யாருக்கு அனுப்புவது?

'மாசு செய்தவரே செலவு செய்ய வேண்டும்' என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. அதே வருஷம் வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வழக்கிலும் அதே கொள்கைதான். கேட்க நன்றாக இருக்கிறது. மாசு செய்தவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டால்? மாசுபட்ட இடங்களுக்கென்று மத்திய அரசு 2025இல் தனி விதிகள் கொண்டுவந்தது. பொறுப்பாளி கிடைக்காத இடத்துக்கு மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். நல்லதுதான். ஆனால் அது நம் வரிப்பணம்.

நான் கேட்பது வேறு. ஆலை ஓடும்போதே பணத்தை வாங்கி வையுங்கள். புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இது ஏற்கெனவே இருக்கிறது: சுரங்கம் ஓடும்போதே, மூடும் செலவுக்கு வருஷாவருஷம் எஸ்க்ரோ கணக்கில், அதாவது அந்தச் செலவுக்கென்றே பூட்டி வைத்த தனிக் கணக்கில், பணம் கட்ட வேண்டும். வீடு வாடகைக்கு எடுப்பவனிடமே அட்வான்ஸ் வாங்குகிறோம், சுவரில் ஆணி அடித்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. ஆசிட்டும் குரோமியமும் கையாளும் ஆலையிடம் அட்வான்ஸ் வாங்க என்ன கூச்சம்? தொழில் ஓடிப்போய்விடும் என்பார்கள். டெபாசிட் கட்டப் பயந்து ஓடுகிற தொழில், மூடும்போது என்ன செய்துவிட்டுப் போகும் என்று யோசியுங்கள்.

ஏற்கெனவே அநாதையாகக் கிடக்கும் இடங்களுக்குத் தொழில்துறையிடமிருந்தே செஸ், அதாவது ஒரு காரியத்துக்கென்று தனியாக வாங்கும் வரி, வாங்கலாம். அமெரிக்கா 1980இல் 'சூப்பர்ஃபண்ட்' சட்டத்தில் எண்ணெய், ரசாயன கம்பெனிகள் மேல் வரி போட்டு அப்படித்தான் நிதி சேர்த்தது. 1995இல் அந்த வரி காலாவதியானது, செலவு பொதுமக்கள் தலையில் விழுந்தது. 2021இல்தான் ரசாயன வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் கதை இன்னும் விசேஷம். 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய செஸ் 2016இல் 400 ரூபாய் ஆனது. சுத்தமான எரிசக்திக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்று சொல்லி வாங்கியது. 2017இல் அதை, ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு வரும் வருமான நஷ்டத்தை ஈடுகட்டத் திருப்பிவிட்டார்கள். அதனால் இனி செஸ் போட்டால், உண்டியல் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று. சின்ன ஊருக்கு முதலில் வேண்டியது கோடிகள் இல்லை, மண்ணைச் சோதிக்கும் பணம். அமெரிக்காவில் சோதனைக்கென்றே ஊர் நிர்வாகங்களுக்குத் தனி மானியம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இங்கே வீடு கூடாது, சோலார் பலகை வைக்கலாம், குடோன் போடலாம் என்று முடிவு செய்ய முடியும். தெரியாதவரை ஒன்று நிலம் முள்ளு மண்டிக் கிடக்கும், இல்லையென்றால் விவரம் தெரியாத ஒருவர் தலையில் கட்டப்படும்.

சித்தப்பா அந்த இடத்தை வாங்கவில்லை. அப்புறம் யாரோ வாங்கி, கல்யாண மண்டபம் கட்ட வானம் தோண்டியிருக்கிறார்களாம். போர் போட்டு, நல்ல தண்ணீர் வந்ததாகவும் சொன்னார்கள். என்ன நிறத்தில் என்று நான் கேட்கவில்லை.